வாசகர் கேள்வி – பதில்: வெட்கம் அறிந்த வில்லன்

பழைய ஹாலிவுட் படங்களில் வில்லனாக நடித்தவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடம் குறைவாக இருந்ததால், "கிளாட் ரெயின்ஸ், தவறு என்று தெரிந்தே தவறு செய்கிற மனிதனை அவர் அளவுக்கு நடித்துக் காட்டியவரை நான் கண்டதில்லை" என்று மட்டும் எழுதி முடித்துவிட்டேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் விளக்கம் கேட்டவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்வது முறையாகாது என்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கிளாட் ரெயின்ஸ் என்ற பெயரையே நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தேடிப் பார்த்தபோது அவருடைய குரலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அப்படி என்ன குரல் அது? பிறவியிலேயே அமைந்ததா?
— திருச்சி வாசகர்

பதில்: பிறவியில் அமைந்தது அதற்கு நேர்மாறானது என்பதுதான் உண்மை. 1889ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் லண்டனில், வறுமையான குடும்பத்தில் அவர் பிறந்தார். லண்டன் உழைக்கும் மக்களின் காக்னி வழக்குதான் அவர் வாயில் இருந்தது. அதோடு, 'ர' ஒலியைச் சொல்ல முடியாத குறையும் இருந்தது. தம் பெயரில் இருக்கும் எழுத்தையே அவரால் உச்சரிக்க முடியவில்லை. பத்து வயதை ஒட்டிய பருவத்தில் நாடக அரங்கில் நுழைந்த அந்தச் சிறுவன், நடிகர்களை மேடைக்கு அழைக்கும் பையனாகவும், மறைந்து நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவனாகவும், பிறகு மேடை நிர்வாகியாகவும் படிப்படியாக உயர்ந்தான். அந்நாளில் லண்டன் நாடக உலகின் பெரும்புள்ளியாக விளங்கிய ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ அவனிடம் ஏதோ ஒன்றைக் கண்டுகொண்டு, உச்சரிப்புப் பயிற்சிக்குத் தம் கையிலிருந்து பணம் கொடுத்தார். திரையில் நாம் கேட்கிற குரல், தேனில் சிறிது மணலைக் கலந்தது போன்ற அந்தக் குரல், ஒவ்வோர் ஒலியாகப் பயின்று கட்டியெழுப்பப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது, ஒரு சொல்லை அவர் எப்படிக் கையில் எடுத்து, நிறுத்துப் பார்த்து, பிறகு எதிராளியின் முன் வைக்கிறார் என்பது தனியாகத் தெரிகிறது. தாய்மொழியின் ஒலியை அந்நிய மொழியைப் போல உழைத்துக் கற்றவரின் கவனம் அது.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. லண்டன் ஸ்காட்டிஷ் படைப்பிரிவில் சேர்ந்த அவர், பிரான்சின் விமி பகுதியில் விஷவாயுத் தாக்குதலுக்கு ஆளாகி, வலது கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார். போர் முடிந்தபோது கேப்டன் பதவியில் இருந்தார். ரொனால்ட் கோல்மன், ஹெர்பர்ட் மார்ஷல், பேசில் ராத்போன் ஆகியோரும் அதே லண்டன் ஸ்காட்டிஷ் பிரிவில் பணியாற்றியவர்கள் என்பதையும், அவர்களில் மார்ஷல் ஒரு காலையே போரில் இழந்தார் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தத் தலைமுறை நடிகர்கள் திரையில் சாவைப் பற்றிப் பேசும்போது குரலை உயர்த்துவதே இல்லை; உயர்த்த வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

போருக்குப் பின் லண்டன் மேடையில் புகழ் பெற்றதோடு, ராயல் நாடகக் கல்விக் கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தார். பின்னாளில் பெரிய நடிகர்களான ஜான் கீல்குட், சார்ல்ஸ் லாட்டன் ஆகிய இருவரும் அங்கே அவரிடம் பயின்றவர்கள். 1920களின் பிற்பாதியில் அமெரிக்க மேடைக்குச் சென்றார். ஹாலிவுட் அவரைக் கண்டுகொண்டபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

கேள்வி: அவருடைய முதல் ஹாலிவுட் படத்தில் அவர் முகமே தெரியாது என்கிறார்களே, அப்படியானால் அதை நடிப்பு என்று எப்படிச் சொல்வது?
— திருநெல்வேலி வாசகி

பதில்: 1933ஆம் ஆண்டு யுனிவர்சல் நிறுவனம் வெளியிட்ட 'தி இன்விசிபிள் மேன்' படத்தைக் கேட்கிறீர்கள். எச்.ஜி.வெல்ஸ் 1897இல் எழுதிய நாவலைத் தழுவி ஜேம்ஸ் வேல் இயக்கிய படம். பனி கொட்டும் இரவில், முகம் முழுவதும் கட்டுப் போட்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்த ஒருவன் கிராமத்து விடுதிக்குள் நுழைந்து அறை கேட்கிறான். ஜாக் கிரிஃபின் என்ற அந்த விஞ்ஞானி தன்னைத்தானே மறைந்துபோகச் செய்துகொண்டவன். ஆனால் அவன் பயன்படுத்திய மருந்து அவன் அறிவையும் சிறிது சிறிதாகத் தின்றுகொண்டிருக்கிறது. ரெயின்ஸின் முகம் படத்தின் கடைசி நொடிகளில், மருத்துவமனைப் படுக்கையில் அவன் உயிர் பிரிந்த பிறகு மட்டும் மெல்லத் தோன்றுகிறது. அதுவரை அவரிடம் இருப்பவை குரலும், கட்டுக்குள் இருக்கும் தலையின் சாய்வும், கையுறை அணிந்த விரல்களும்தான். கறுப்பு வெல்வெட் துணியைப் பயன்படுத்தி ஜான் ஃபுல்டன் செய்த தந்திரக் காட்சிகள் அந்நாளைய ரசிகர்களை வாய்பிளக்க வைத்தன. ஆனால் இன்று அந்தப் படத்தைத் தாங்கி நிற்பது குரல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காதலியிடம் பேசும் காட்சியைக் கவனியுங்கள். ஏழையாக இருந்த தான் அவளுக்குத் தருவதற்கு ஒன்றுமில்லாததால்தான் இந்த ஆராய்ச்சியில் இறங்கியதாகத் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்ட மன்றாடும் தொனியில் தொடங்குகிறான். சொல்லச் சொல்ல, அன்பு இருந்த இடத்தில் அதிகாரத்தின் ருசி வந்து அமர்ந்துகொள்கிறது. நிலாவே என்னைக் கண்டு நடுங்குகிறது என்று அவன் முழங்குமிடத்தில், எந்த வார்த்தையில் அந்தக் காதலன் மறைந்து இந்தப் பித்தன் வந்தான் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. முகத்தின் துணை இல்லாமல், இடையில் ஒரு தையல்கூடத் தெரியாதபடி அந்த மாற்றத்தைக் காட்ட முடிந்தால், நடிப்புக்கு வேறு என்ன சான்று வேண்டும்? (அந்தக் காதலியாக நடித்த குளோரியா ஸ்டூவர்ட்தான், 64 ஆண்டுகள் கழித்து 'டைட்டானிக்' படத்தில் முதிய ரோஸாக வந்தவர்.)

அந்தக் குரல் அவருக்குப் பின்னாளில் வேறொரு வில்லத்தனத்துக்கும் பயன்பட்டது. 1947இல் வந்த 'தி அன்சஸ்பெக்டட்' படத்தில், கொலைக் கதைகளை வானொலியில் சொல்லி ஊரையே கட்டிப் போட்டிருக்கும் ஒருவராக வருகிறார், கொலையும் அவருடையதே. படம் சுமார்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு ஊரே மயங்கியது என்பதை நம்புவதில் நமக்கு ஒரு சிரமமும் ஏற்படுவதில்லை.

கேள்வி: 'நட்டோரியஸ்' படத்தில் அவர் ஏற்றிருப்பது ஒரு நாஜியின் வேடம்; மனைவிக்கே விஷம் வைக்கிறவன். அப்படிப்பட்டவன்மேல் நமக்கு இரக்கம் வரும்படி நடிப்பதைத் தாங்கள் பாராட்டுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. தீமையை இனிமையாக்கிக் காட்டுவது ஆகாதா?
— ஈரோடு வாசகர்

பதில்: உங்கள் உறுத்தலை நான் மதிக்கிறேன். இந்தக் கேள்விக்காகவே இரண்டு முறை அந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். படம் வெளியானது 1946இல், போர் முடிந்து ஓராண்டு கழித்து. பார்க்க வந்தவர்களில் பிள்ளையையோ கணவனையோ இழந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் ஒரு நாஜியை மனிதனாகக் காட்டும் துணிவு இயக்குநர் ஹிட்ச்காக்குக்கும் ரெயின்ஸுக்கும் இருந்தது என்றால், அது விளையாட்டாகச் செய்த காரியமாக இருக்க முடியாது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரியோ டி ஜெனிரோ நகரில் அலெக்சாண்டர் செபாஸ்டியன் என்ற செல்வந்தர் தம் மாளிகையில் நாஜி சதிக்கூட்டம் ஒன்றை நடத்துகிறார். நாஜி ஒற்றர் ஒருவரின் மகளான அலிசியாவை அமெரிக்க உளவுத்துறை அவரிடம் அனுப்புகிறது. செபாஸ்டியன் அவளை முன்பே அறிந்தவர், ஒருதலையாக நேசித்தவர். அவளை உளவுக்கு அனுப்பும் டெவ்லினும் அவளை நேசிக்கிறான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லாமல், அவளைச் சந்தேகித்துச் சொல்லால் குத்திக்கொண்டே இருக்கிறான். அலிசியாவாக இங்க்ரிட் பெர்க்மனும் டெவ்லினாக கேரி கிராண்டும் நடித்தார்கள். செபாஸ்டியன் அவளை மணக்கிறார். ஒயின் நிலவறைச் சாவியை அவள் ரகசியமாக எடுத்து டெவ்லினிடம் கொடுக்க, ஒயின் போத்தலுக்குள் யுரேனியத் தாது பதுக்கப்பட்டிருப்பது தெரியவருகிறது. உண்மை தெரிந்ததும் செபாஸ்டியனும் அவருடைய தாயும் சேர்ந்து, காப்பியில் சிறிது சிறிதாக விஷம் கலந்து அவளைக் கொல்லத் தொடங்குகிறார்கள்.

இந்தக் கதையில் அலிசியாவை முழு மனத்தோடு நேசிப்பதாகச் சொல்பவரும், அவளை நம்புபவரும், அவளை மணந்துகொள்ளத் துணிபவரும் வில்லன்தான். கதாநாயகன் இவற்றில் எதையும் செய்வதில்லை. இந்த முரண்பாட்டை எழுதியவர் பென் ஹெக்ட். ஆனால் எழுத்தில் இருந்ததை உயிராக்கியவர் ரெயின்ஸ். தமக்கும் பெர்க்மனுக்கும் இருந்த வயது வேறுபாட்டையும், பெர்க்மனைவிடத் தாம் உயரம் குறைந்தவர் என்பதையும் அவர் அந்தப் பாத்திரத்துக்குள் வாங்கிக்கொண்டார். சில காட்சிகளில் அவர் நிற்குமிடத்தை உயர்த்த வேண்டியிருந்தது என்று ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறார். அழகிய இளம் மனைவி தனக்கு உண்மையிலேயே வாய்த்துவிட்டாளா என்று ஒவ்வொரு விருந்திலும் திரும்பிப் பார்த்துக்கொள்ளும் நடுவயதுக்காரரின் பெருமையும் அச்சமும் அந்தக் கண்களில் ஒன்றாகவே இருக்கின்றன.

நிலவறையில் நடந்ததைக் கண்டுபிடித்த பிறகு, விடியும் நேரத்தில் அவர் தாயின் படுக்கையறைக்குப் போகிற காட்சிதான் எனக்கு இந்தப் படத்தின் நெஞ்சாங்குலை. தாயாக நடித்த லியோபோல்டின் கான்ஸ்டன்டின் உண்மையில் ரெயின்ஸைவிட மூன்று வயதே மூத்தவர். அப்படியிருந்தும் அந்த அறையில் ரெயின்ஸ் ஒரு பள்ளிச் சிறுவனாகச் சுருங்கிவிடுகிறார். அமெரிக்க உளவாளி ஒருத்தியை மணந்திருக்கிறேன் என்று சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. அவமானம் இருக்கிறது. அதற்கும் அடியில், உண்மையாகவே நேசித்தேனே என்கிற புலம்பலும் இருக்கிறது. தாயோ ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, உன் முட்டாள்தனம் எவ்வளவு பெரியதோ அதுவே நம்மைக் கொஞ்ச காலம் காப்பாற்றும் என்கிறாள். மகன் தலை குனிந்து அமர்ந்திருக்கிறான். அந்தத் தலைகுனிவிலிருந்து எழுந்துதான் அவர் மனைவிக்கு விஷம் வைக்கப் போகிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த இரக்கத்தால் தீமை இனிமையாகிவிடுகிறதா? எனக்கு அது கூடுதலாகக் கசக்கிறது. வெறும் அரக்கன் விஷம் வைத்தால், அரக்கனின் இயல்பு அது என்று நாம் நிம்மதியாக எழுந்து போய்விடலாம். காதலிக்கத் தெரிந்த, வெட்கப்படத் தெரிந்த, அம்மாவுக்குப் பயந்த ஒரு மனிதன், தன் கூட்டாளிகளிடமிருந்து தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் காதலித்தவளையே கொல்லத் துணியும்போது, அந்தக் காப்பிக் கோப்பை நம் வீட்டு மேசைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்ற எண்ணம் வருகிறது. ரெயின்ஸ் நம்மிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை என்பதையும் பாருங்கள். விஷக் கோப்பையை நோக்கி மனைவியின் கை போகும்போது அவர் முகத்தில் தயக்கம் இல்லை. மரியாதையான, கவனமான புன்னகை இருக்கிறது. இரக்கம் வேண்டி நடிக்கும் நடிகராக இருந்திருந்தால், அந்த இடத்தில் கண்ணில் ஒரு துளி நீரையாவது காட்டியிருப்பார்.

கேள்வி: நான்கு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லையாமே? வில்லன் நடிகர் என்பதால் புறக்கணித்தார்களா?
— சேலம் வாசகர்

பதில்: 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்', 'காசாபிளாங்கா', 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்', 'நட்டோரியஸ்' ஆகிய நான்கு படங்களுக்காகத் துணை நடிகர் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார், நான்கிலும் தோற்றார். 'மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்' படத்தில் அவர் நடித்தது மிக நல்லவரான ஒரு கணவரின் வேடம் என்பதால், வில்லன் என்பதற்காகத் தள்ளினார்கள் என்ற வாதம் நிற்காது. 'நட்டோரியஸ்' ஆண்டில் அந்த விருதைப் பெற்றவர், படைப் பணியில் இரு கைகளையும் இழந்த ஹரால்ட் ரசல். அந்தத் தீர்ப்போடு சண்டையிட எனக்கு மனம் வரவில்லை. முன்னாள் போர்வீரரான ரெயின்ஸுக்கும் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். மேடை அவருக்குரிய மரியாதையைச் செய்தது. ஆர்தர் கோஸ்ட்லரின் நாவலைத் தழுவிய 'டார்க்னஸ் அட் நூன்' நாடகத்துக்காக 1951இல் சிறந்த நடிகருக்கான டோனி விருதைப் பெற்றார்.

கேள்வி: 'தவறு என்று தெரிந்தே செய்கிறவன்' என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். எல்லா வில்லன்களும் அப்படித்தானே? இதில் என்ன சிறப்பு?
— புதுச்சேரி வாசகி

பதில்: பெரும்பாலான திரைப்பட வில்லன்களுக்குத் தவறைப் பற்றிய நினைவே கிடையாது, அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆசையும் தடையும்தான். ரெயின்ஸின் வில்லன்களுக்குள் ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, ஃபிராங்க் காப்ரா இயக்கி 1939இல் வெளிவந்த 'மிஸ்டர் ஸ்மித்' படத்தின் செனட்டர் ஜோசப் பெயின்.

பெயின் பார்வைக்கு மேன்மையே உருவானவர். நரைத்த தலை, நிதானமான நடை, மாநிலமே போற்றும் பெயர். உள்ளே, டெய்லர் என்ற பணமுதலையின் கையாள். ஓர் அணைத் திட்டத்தின் பெயரால் நடக்கவிருக்கும் நில மோசடிக்கு இடைஞ்சல் இல்லாதபடி, ஒன்றும் அறியாத இளைஞன் ஒருவனைக் காலியான செனட் இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த ஜெஃபர்சன் ஸ்மித் என்ற அந்த இளைஞன், பெயினின் பழைய நண்பரின் மகன். இளமையில் பெயின் வழக்கறிஞராகவும் அந்த நண்பர் சிறிய பத்திரிகை ஒன்றின் ஆசிரியராகவும் தோள் சேர்ந்து போராடியவர்கள். ஒரு சுரங்க நிறுவனத்தை எதிர்த்த போராட்டத்தில் நண்பர் கொல்லப்பட்டார்.

தலைநகருக்குச் செல்லும் ரயிலில் இருவரும் அந்த நண்பரைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தோடு மோதும்போது ஒற்றை ஆளால் அதிக தூரம் போக முடியாதுதானே என்று இளைஞன் கேட்கிறான். 'முடியாது' என்று பெயின் சொல்கிறார். ஒற்றைச் சொல். அதைச் சொல்லும் ரெயின்ஸின் முகத்தை நிறுத்தி வைத்துப் பாருங்கள். அந்த மனிதர் எந்த நாளில், என்ன சமாதானம் சொல்லிக்கொண்டு விலைபோனார் என்பது முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நண்பனின் சாவைக் கண்டு அஞ்சினார். அந்த அச்சத்துக்கு நடைமுறை அறிவு என்று பெயர் வைத்துக்கொண்டார். இருபது ஆண்டுகளாக அந்தப் பெயரை நம்ப முயன்றுகொண்டிருக்கிறார்.

பிறகு அதே பெயின், அவையில் எழுந்து நின்று, அந்த இளைஞனே நில மோசடிக்காரன் என்று பொய்க் குற்றம் சாட்டுகிறார். அந்தப் பேச்சில் நாக்கு குழறவில்லை. வருத்தத்தோடு கடமையைச் செய்யும் மூத்தவரின் குரல் அது. ஸ்மித் விடாமல் பேசி அவையை முடக்கி, இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நின்று, தோற்றுப்போன நியாயங்களுக்காகத்தான் போராட வேண்டும் என்பதை நீங்களே ஒருகாலத்தில் சொன்னீர்கள் என்று பெயினிடம் நினைவூட்டிவிட்டு மயங்கி விழும்வரை, ரெயின்ஸுக்கு வசனம் மிகக் குறைவு. அவர் தம் இருக்கையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் நாம் பேசுகிறவனைப் பார்க்கும் அளவுக்குக் கேட்கிறவரையும் பார்க்கிறோம். கடைசியில் அவர் வெளியே ஓடித் தன்னைச் சுட்டுக்கொள்ள முயல்வதும், திரும்பி ஓடி வந்து, அவனை அல்ல, என்னை வெளியேற்றுங்கள் என்று கதறுவதும் வேறொரு நடிகரின் கையில் அபத்தமாகப் போயிருக்கக்கூடிய திடீர்த் திருப்பம். ரயிலில் சொன்ன அந்த 'முடியாது' நமக்கு நினைவிருப்பதால்தான் அதை நம்புகிறோம். திருக்குறள் 'தன்னெஞ் சறிவது பொய்யற்க' என்று எச்சரித்து, பொய்த்தபின் தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்கிறதே, அந்தச் சூட்டை ஒரு நடிகர் இரண்டு மணி நேரம் முகத்தில் தாங்கி நின்றதை நான் இந்தப் படத்தில் பார்த்தேன்.

கேள்வி: 'காசாபிளாங்கா' படத்தின் போலீஸ் அதிகாரி வில்லனா, நல்லவனா? எங்கள் வீட்டில் இதைப் பற்றி வாக்குவாதமே நடந்தது.
— மதுரை வாசகி

பதில்: இருவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. போர்க்காலத்தில் ஜெர்மானியரின் சொல்லுக்கு ஆடிய பிரான்சின் விஷி அரசின் அதிகாரியான கேப்டன் ரெனோ, லஞ்சம் வாங்குகிறவர். வெளியேற அனுமதி வேண்டி வரும் இளம்பெண்களின் இக்கட்டைப் பயன்படுத்திக்கொள்கிறவர். இந்த இரண்டாவது குற்றத்தைப் படம் லேசாகக் கடந்துபோவது எனக்கு இன்றும் நெருடுகிறது. சூதாட்டம் நடப்பதாகச் சொல்லி அதிர்ச்சி காட்டி விடுதியை மூட உத்தரவிடும் அதே நொடியில், அவர் ஆட்டத்தில் வென்ற பணத்தை ஊழியர் கொண்டுவந்து கையில் கொடுக்க, நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளும் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஆனால் உங்கள் வீட்டு வழக்கைத் தீர்ப்பது விமான நிலையக் காட்சிதான். ஜெர்மானிய மேஜரைச் சுட்டவர் கதாநாயகனான விடுதிக்காரர் ரிக் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகும், வழக்கமான சந்தேகப் பேர்வழிகளைப் பிடித்து வாருங்கள் என்று ரெனோ உத்தரவிடுகிறார். பிறகு விஷி முத்திரையுள்ள தண்ணீர்ப் போத்தலைக் குப்பைக் கூடையில் போட்டு உதைக்கிறார். அந்த உத்தரவுக்கு முன்னால் ரெயின்ஸ் எடுத்துக்கொள்ளும் சிறு இடைவெளியில், ஒரு மனிதர் தம் வாழ்நாள் வழக்கத்திலிருந்து விடுபடுகிறார். பெயின் ஓடிப்போய்த் துப்பாக்கியை எடுக்க வேண்டியிருந்த இடத்தில், ரெனோவுக்கு ஒரு பார்வையே போதுமானதாக இருந்தது. நல்லவர் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஓர் இரவில் நல்லதைத் தேர்ந்தெடுத்தவர்.

கேள்வி: பதின்மூன்று வயது மகளோடு அமர்ந்து பார்க்க, அவர் நடித்த படங்களில் எதைப் பரிந்துரைப்பீர்கள்?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: 1938இல் வண்ணத்தில் வந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்'. அண்ணன் ரிச்சர்ட் மன்னன் சிறைப்பட்டிருக்கும் வேளையில் அரியணைக்கு ஆசைப்படும் இளவரசன் ஜானாக, செம்பட்டை முடியும் பட்டாடையுமாக ரெயின்ஸ் வருகிறார். வாள் வீசும் வில்லன் அவருடைய பழைய படைப்பிரிவுத் தோழர் பேசில் ராத்போன். ரெயின்ஸ் ஒருமுறைகூட வாளை வீசாமல், நாற்காலியில் சாய்ந்து பழச்சுவை பார்ப்பதுபோல் சதித்திட்டத்தைச் சுவைத்துக்கொண்டு படத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார். உங்கள் மகள் சிரிப்பாள். 'நட்டோரியஸ்' இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

கேள்வி: கல்லூரி நாடகக் குழுவில் எனக்கு வில்லன் வேடம் கொடுத்திருக்கிறார்கள். உரக்கப் பேசினால்தான் பயம் வரும் என்கிறார்கள் நண்பர்கள். ரெயின்ஸிடமிருந்து நான் எதைக் கற்கலாம்?
— கோவை மாணவர்

பதில்: உங்களுக்கு இரண்டு காட்சிகளைச் சொல்கிறேன். முதலாவது, 1946இல் வந்த 'டிசெப்ஷன்' படத்தின் உணவு விடுதிக் காட்சி. அலெக்சாண்டர் ஹொலீனியஸ் என்ற இசையமைப்பாளராக ரெயின்ஸ். தம்மைவிட்டு விலகிப் போனவளின் கணவனான செல்லோ கலைஞன், இன்னும் சிறிது நேரத்தில் அவர் முன் வாசித்துக் காட்ட வேண்டும், பதற்றத்தில் இருக்கிறான். ஹொலீனியஸ் அவனை விருந்துக்கு அழைத்துச் சென்று, எந்தப் பறவையின் இறைச்சி, அதற்கு எந்த ஒயின் என்று சொல்வதும், மாற்றுவதும், மறுபடியும் யோசிப்பதுமாக நேரத்தை நீட்டிக்கொண்டே போகிறார். ஒரு கடுஞ்சொல் கிடையாது. முழுக்க முழுக்க உபசாரம். அந்தக் கலைஞனின் நரம்பு ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருப்பது நமக்குக் கேட்கிறது. அடுத்தவனைத் துன்புறுத்துவதில் பாத்திரம் அடையும் இன்பத்தைத்தான் ரெயின்ஸ் நடிக்கிறார். தான் கெட்டவன் என்பதை நடிப்பதில்லை. நாளைக்கு ஒத்திகையில் உங்கள் பாத்திரம் எதை ஆசையோடு செய்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அவருடைய பார்வையின் கூர்மையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், அவரோடு நான்கு படங்களில் நடித்த நடிகை பெட்டி டேவிஸ் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். 1939இல் 'ஹுவாரெஸ்' படத்தில் மூன்றாம் நெப்போலியனாக நின்று ரெயின்ஸ் பார்த்த வெறுப்புப் பார்வையை, தம் நடிப்பின்மீது அவருக்கு ஏற்பட்ட உண்மையான வெறுப்பு என்று எண்ணித் தாம் நடுங்கிப்போனதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். இருவரும் பிறகு நெருங்கிய நண்பர்களானார்கள்.

இரண்டாவது, 'நட்டோரியஸ்' படத்தின் கடைசி நிமிடங்கள். விஷத்தால் நடக்க முடியாமல் இருக்கும் அலிசியாவை அணைத்துக்கொண்டு டெவ்லின் படிக்கட்டில் இறங்குகிறான். ஒரு பக்கம் செபாஸ்டியனும் அவர் தாயும் உடன் இறங்குகிறார்கள். கீழே கூட்டாளிகள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனைவி உளவாளி என்பது அவர்களுக்குத் தெரிந்தால் செபாஸ்டியனின் உயிர் அன்றிரவே போய்விடும். முன்பு ஒரு சிறு தவறு செய்த கூட்டாளிக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் அறிவார். ஆகவே, தம் மனைவியைத் திருடிக்கொண்டு போகிறவனுக்கு அவரே துணை போக வேண்டியிருக்கிறது. வாசலுக்கு வெளியே, என்னையும் அழைத்துச் செல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தணிந்த குரலில் கெஞ்சுகிறார். டெவ்லின் காரின் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புகிறான். பின்னாலிருந்து, அலெக்ஸ், உள்ளே வருகிறாயா, உன்னிடம் பேச வேண்டும் என்று ஒரு குரல் மிகுந்த மரியாதையோடு அழைக்கிறது.

ரெயின்ஸ் திரும்புகிறார். அதன்பின் நமக்குத் தெரிவது அவருடைய முதுகு மட்டும்தான். வெளிச்சமாகத் திறந்திருக்கும் கதவை நோக்கி அவர் படியேறுகிறார். நடை தடுமாறுவதில்லை, வேகம் கூடுவதுமில்லை. விருந்தினரைக் காக்க வைத்துவிட்ட வீட்டுக்காரரின் நடை அது. தோள்கள் மட்டும் ஒரு விரற்கடை இறங்கியிருக்கின்றன. கதவு சாத்தப்படுகிறது. ஒலியை நிறுத்திவிட்டு அந்த நடையைப் பத்து முறையாவது பாருங்கள். பிறகு உங்கள் வசனத்தைக் கையில் எடுங்கள்.